எம்ஜிபி காருக்கு எவர்சில்வர் பம்பர்: புதிதாக வாங்குவதா, பழையதற்கு முலாம் பூசுவதா?

1962-இல் தொடங்கி 1974 செப்டம்பர் வரை இங்கிலாந்தின் ஆப்பிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முன்னும் பின்னும் குரோம் முலாம் பூசிய இரும்புப் பம்பர். இன்றைய கார்களில் இடியைத் தாங்கும் விட்டம் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது பிளாஸ்டிக் மூடி. எம்ஜிபியில் அழகும் காவலும் ஒரே தகடு. கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேன் பின்னால் எடுக்கும்போது மெல்லத் தொட்டால்கூட மூக்கு கோணிவிடும், முலாம் வெடித்துவிடும். ஆறு மாதத்தில் அந்த வெடிப்பின் ஓரமெல்லாம் செம்பழுப்பாகிவிடும்.

சிங்கப்பூரில் இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய பம்பரை நிமிர்த்தி மறுபடி முலாம் பூசலாம். குரோம் பூசிய இரும்பு நகலைப் புதிதாக வாங்கலாம். வியட்நாமில் செய்து இணையம் வழியாக விற்கப்படும் எவர்சில்வர் பம்பரை வாங்கலாம். இந்த விமர்சனம் பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய பம்பரின் பின்பக்கம் திடமாக இருந்தால் அதை விடாதீர்கள், நல்ல முலாம் போடுங்கள். பின்பக்கம் செதில் செதிலாக உரிந்திருந்தால் எவர்சில்வருக்குப் போங்கள். மலிவான குரோம் நகலை இந்த ஊர் ஈரத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இடித்த அன்று பார்க்க வேண்டியவை

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். சிங்கப்பூரில் எந்த விபத்தானாலும், கீறல் மட்டும் என்றாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் வண்டியைக் காட்டிப் புகார் கொடுக்க வேண்டும். பம்பரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுபோனால், என்ன வளைந்தது என்ற வாக்குவாதம் உங்கள் தலையில்தான் விழும். பழைய வண்டிகளுக்குப் பொதுவாக, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில்தான் காப்புறுதி எடுப்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் உங்கள் விருப்பப்படி பட்டறையைத் தேர்ந்தெடுக்க இடமுண்டா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் பிளாஸ்டிக் பம்பர் மாற்றும் பட்டறைக்கு இந்த வேலை புதிது.

அடுத்து, வளைந்தது பம்பர்தானா என்பதையே சந்தேகப்படுங்கள். பம்பரை வண்டியோடு பிணைப்பவை பின்னாலுள்ள இரும்புத் தாங்கிகள். மெதுவான இடியில் பல நேரம் தகடு நேராகவே இருக்கும், தாங்கி மட்டும் மடங்கியிருக்கும். பம்பரின் ஒரு முனை மட்கார்டுக்கு நெருங்கியும் மறுமுனை விலகியும் இருந்தால் முதல் குற்றவாளி தாங்கிதான். இதைக் கவனிக்காமல் புதுப் பம்பரை வாங்கிப் பொருத்தி, அதுவும் கோணலாக நிற்பதைக் கண்டு விற்றவரைத் திட்டுகிறவர்கள் நிறைய. தாங்கி கெட்டியான இரும்பு. வைசில் பிடித்துக் குளிர்நிலையிலேயே நிமிர்த்தலாம், ஆனால் மடிப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

தகட்டைச் சோதிக்க ஒரு தடித்த அட்டை போதும். பம்பரின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இடி படாத பாதியின் வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் திருப்பி இடி பட்ட பாதியில் வைத்தால் எங்கே எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்று உடனே தெரியும். 3 மி.மீ.க்குள் என்றால் தாங்கியில் வாஷர் செருகியே ஒப்பேற்றலாம். அதற்கு மேல் என்றால் தகட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பம்பர் வந்ததும் அதே அட்டைதான் அதற்கும் அளவுகோல்.

எவர்சில்வர் பம்பர்: என்ன வாங்குகிறோம்

விற்பவர்கள் சொல்வது 304 தரம். நம் வீட்டுப் பாத்திரங்களில் காணும் 18/8 அதுவே: ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். கப்பல் தளவாடங்களுக்கு எடுக்கும் 316 தரத்தில் இவற்றோடு 2 விழுக்காடு அளவுக்கு மாலிப்டினமும் சேரும், உப்புக் காற்றை அது இன்னும் நன்றாகத் தாங்கும். பம்பருக்கு 304 போதும். ஆனால் அது உண்மையிலேயே 304 ஆக இருக்க வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். அழுத்தி வளைத்த மூலைகளில் அசல் 304-ம் லேசாகக் காந்தத்தை இழுக்கும், அது குறையில்லை. தகடு முழுவதும் ‘டக்’ என்று ஒட்டினால் அது நிக்கல் இல்லாத 430 போன்ற தரமாக இருக்கலாம், திருப்பி அனுப்புங்கள். பெரிய ஏமாற்று 201 தரத்தில்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவுத் தரம் அது. காந்தத்துக்கு 304 போலவே நடந்துகொள்ளும், கடற்கரைக் காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். இரண்டையும் பிரித்துக் காட்ட, சிறு மின்கலத்தோடு வரும் சொட்டு மருந்துச் சோதனை இருக்கிறது. மாங்கனீசு அதிகமிருந்தால் சொட்டு நிறம் மாறும். பம்பரின் பின்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தால் போதும்.

தடிப்பை விற்பனைப் பக்கங்களில் பெரும்பாலும் 1.5 மி.மீ. என்று போடுகிறார்கள். வந்ததும் கேலிப்பரால் ஓரத்திலும் போல்ட்டு ஓட்டையிலும் அளந்து பாருங்கள். மெலிந்த தகடாக இருந்தால் ஓவர்ரைடரை (பம்பரின் மேல் செங்குத்தாக நிற்கும் கொம்பு) இறுக்கும்போது அந்த இடம் குழிந்து, வெளிப்பக்கத்தில் பிரதிபலிப்பு நெளியும். பம்பரைப் படுக்கவைத்து, நேரான குழல் விளக்கு ஒன்றின் பிம்பத்தை அதில் பார்த்தபடியே நடந்து போங்கள். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே பாலிஷ்காரர் அழுத்தித் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

சில தயாரிப்புகளில் நடுத்தண்டையும் இரு மூலைகளையும் தனித்தனியே அழுத்திச் செய்து, பிறகு பற்றவைத்து ஒன்றாக்குகிறார்கள். அதில் தவறில்லை. வெளிப்பக்கம் அந்தத் தையல் தெரியாமல் தேய்த்திருப்பார்கள். பின்பக்கம் திருப்பினால்தான் வேலையின் தரம் தெரியும். பற்றவைத்த கோட்டின் இருபுறமும் நீலமும் பழுப்புமாகச் சூட்டு நிறம் அப்படியே இருந்தால் அங்கே துருவைத் தடுக்கும் காப்புப் படலம் கெட்டிருக்கிறது. துரு தொடங்கினால் அந்த இடத்தில்தான் தொடங்கும். அமிலப் பசை தடவி அந்த நிறத்தை நீக்கி அனுப்பும் தயாரிப்பாளரே நல்ல தயாரிப்பாளர். பசை தடவாமல் வந்தால், பற்றவைத்த எவர்சில்வருக்கென விற்கும் அந்தப் பசையை வாங்கி நீங்களே தடவலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கடும் அமிலம் அது.

நிறத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குரோம் லேசான நீலம் கலந்த வெண்மை. எவர்சில்வர் ஒரு பொட்டு மஞ்சள் கலந்த சாம்பல். தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. குரோம் வளையம் போட்ட முகப்பு விளக்குகளுக்கு நடுவே, வெயிலில், பழகிய கண்ணுக்குத் தெரியும். முன் பம்பரை எவர்சில்வராக்கிப் பின் பம்பரைக் குரோமாக விட்டால் யாருக்கும் பெரிதாக உறுத்தாது, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஆனால் எவர்சில்வர் பம்பரில் குரோம் ஓவர்ரைடர் பொருத்தினால் பளிச்சென்று வேறுபடும். இவை இரண்டும் ஒரே இடத்தில் வாங்க வேண்டியவை.

கடினத்தில் குரோம் பல மடங்கு மேல். எவர்சில்வர் மென்மையானது, துணியில் ஒட்டிய மணல் துகளே கீறிவிடும். பதிலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: எவர்சில்வரில் விழுந்த கீறலை 1500, 2000 எண் உப்புத்தாளும் பாலிஷ் பசையும் வைத்து வீட்டிலேயே தேய்த்து எடுத்துவிடலாம், ஏனென்றால் அடிவரை ஒரே உலோகம். குரோமில் விழுந்த ஆழமான கீறலை முழு முலாமும் கழற்றாமல் யாராலும் சரிசெய்ய முடியாது.

பொருத்துவதில் எங்கே தவறு நடக்கிறது

எவர்சில்வர் நகல் எதுவும் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எம்ஜிபிகளே ஒன்றுக்கொன்று சில மி.மீ. மாறுபடும், அரை நூற்றாண்டில் எத்தனை முறை மூக்கு இடிபட்டு நிமிர்த்தப்பட்டதோ! மேலே ஒட்டி வரும் பிளாஸ்டிக் பாதுகாப்புப் படலத்தை உரிக்காமலேயே, மட்கார்டு ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு பேராக ஒருமுறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். படலத்தை உரித்துவிட்டால் பல விற்பனையாளர்கள் திருப்பி எடுப்பதில்லை.

ஓட்டைகள் ஒத்துவராவிட்டால் பம்பரைத் தொடாதீர்கள், தாங்கியின் ஓட்டையை நீள அரமிடுங்கள். 2 அல்லது 3 மி.மீ. நீட்டித்தால் அநேகமாக எல்லாம் சரியாகும். தாங்கி மறைந்திருக்கும், மலிவாகவும் கிடைக்கும். எவர்சில்வரில் துளையிட்டே ஆக வேண்டுமென்றால் கோபால்ட் துரப்பணம், வெட்டு எண்ணெய், குறைந்த வேகம். 8 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் வேண்டாம். வேகமாகச் சுற்றி அழுத்தாமல் விட்டால் அந்த இடம் இறுகிக் கல்லாகிவிடும், பிறகு எந்த முனையும் இறங்காது.

முனையின் வளைவு மட்கார்டோடு ஒத்துவராவிட்டால் கையால் அணைத்து வளைக்கலாம், ஆனால் 304 வில் போலத் திரும்பும், 5 மி.மீ. வேண்டுமென்றால் அதைவிடக் கூடுதலாக வளைத்து விட வேண்டும். சூடு காட்டவே கூடாது. சூட்டில் நிறம் மாறும். 450 முதல் 850 டிகிரி வரை போனால் உள்ளேயிருக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும், அந்த இடம் துருவைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடும்.

எவர்சில்வரில் துரு வந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பட்டறைதான். சாதா இரும்பை அறுத்த அதே தட்டால் எவர்சில்வரின் ஓரத்தைத் தேய்த்தால், இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். இரண்டு மழைக்குப் பிறகு துரு பிடிப்பது அந்தத் துகள்தான். இரும்புக் கம்பித் தூரிகையும் அப்படியே. சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், புதுத் தட்டும் எவர்சில்வர் தூரிகையும் நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள். சில சிங்கப்பூர் வெள்ளிதான் செலவு. ஏற்கனவே புள்ளி விழுந்திருந்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த பாத்திரம் துலக்கும் தூளைக் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, தண்ணீரில் நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

எவர்சில்வரும் சாதா இரும்பும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் பலவீனமான இரும்பு சீக்கிரம் அரிக்கும். ஆகவே தாங்கிகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்து, இரண்டு கை எப்பாக்ஸி பிரைமரும் மேலே கறுப்பு வண்ணமும் கொடுங்கள். தாங்கிக்கும் பம்பருக்கும் நடுவே 2 மி.மீ. ரப்பர் தகடு, போல்ட்டுக்கு நைலான் வாஷர். ஓவர்ரைடர் உட்காரும் இடத்தில் ரப்பர் பட்டி. இது இல்லாவிட்டால் அந்த இடுக்கில் தண்ணீர் தேங்கும். எவர்சில்வர்கூடக் காற்று புகாத இடுக்கில் அரிக்கக்கூடியதுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பின்பக்க நம்பர் பிளேட் விளக்கு பம்பரிலோ ஓவர்ரைடரிலோ அமர்ந்து, அதன் உலோகம் வழியாகவே எர்த் எடுக்கும் வண்டியில், ரப்பரும் நைலானும் போட்டுப் பிரித்ததும் விளக்கு அணைந்துவிடும். பல்பை மாற்றி, ஃபியூசை மாற்றி அலைவார்கள். விளக்கின் உடலிலிருந்து சேசிசுக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்தால் தீர்ந்தது. எம்ஜிபியில் உள்ள லூகாஸ் நிறுவன வயரிங்கில் கறுப்பு எர்த், நம்பர் பிளேட் விளக்குக்கு வருவது சிவப்பு. வயரைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுவீர்கள் அல்லவா, அப்போது ஒரு கவனம்: 1967 வரை வந்த முதல் தலைமுறை எம்ஜிபியில் நேர்முனைதான் எர்த். பழக்கத்தில் எதிர்முனையில் ஸ்பேனரை வைத்து அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். எது எர்த் முனையோ அதை முதலில் கழற்ற வேண்டும். இருக்கைக்குப் பின்னால், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளாக இருக்கும்.

போல்ட்டுகள் யூஎன்எஃப் அங்குலப் புரி. மெட்ரிக் ஸ்பேனரும் மெட்ரிக் நட்டும் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும், அந்தக் கிட்டத்தட்டதான் தலையை உருட்டிவிடும். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை மின் ஸ்பேனரால் வேகமாக ஏற்றினால் புரியோடு புரி ஒட்டிப் பற்றிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். புரி பற்றாமல் தடுக்கும் நிக்கல் பசை ஒரு பொட்டு தடவி, கையாலேயே மெதுவாக ஏற்றுங்கள். எல்லா நட்டையும் விரலிறுக்கத்தில் விட்டு, இருபுறமும் மட்கார்டு இடைவெளி 2 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்த பிறகுதான் நடுவிலிருந்து வெளிநோக்கி இறுக்க வேண்டும். ஒரு முனையை முதலில் முழுக்க இறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போனால் தகடு முறுக்கிக்கொள்ளும்.

பழையதற்கே முலாம் போட்டால்

அசல் பம்பருக்கு ஈடாகப் பொருந்துவது எதுவுமில்லை. அந்த வண்டிக்கென்றே வளைத்தது. ஆகவே திடமான பழைய தகட்டைத் தூக்கியெறிவது எங்களுக்கு வலிக்கிறது. திருப்பிப் பார்த்து, சுத்தியலின் பின்முனையால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று வந்தால் முலாமுக்குத் தகுதி. பொத்தென்று வந்து செதில் உதிர்ந்தால் உள்ளே தகடு மெலிந்துவிட்டது. முலாமுக்கு முன் தேய்க்கும்போது இன்னும் மெலியும், துளைகள் வாய் பிளக்கும்.

நல்ல முலாம் என்பது மூன்று உலோகம். பழைய குரோமையும் நிக்கலையும் கழற்றி, நெளிவை மணல் பையும் மரச் சுத்தியலும் வைத்துப் பின்பக்கமிருந்து குளிர்நிலையில் எடுத்து, துளைகளை டிக் வெல்டிங்கால் அடைத்து, முதலில் செம்பு. செம்பைப் பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து, குழிகள் நிரம்பும் வரை இது நடக்க வேண்டும். அதன் மேல் நிக்கல். கடைசியில் குரோம். அந்தக் குரோம் அரை மைக்ரானுக்கும் குறைவு. மினுக்கமும் கடினமும் மட்டுமே அதன் வேலை. இரும்பைக் காப்பது நிக்கல். நிக்கல் மெலிவாக இருந்தால் ஊசித் துளைகள் அடிவரை போகும். நிக்கலைவிட இரும்பு எளிதில் அரிபடுவது, எனவே அந்தச் சின்னத் துளைக்குள் அரிப்பு முழுவதும் குவிந்துவிடும். பளபளப்பான பம்பரில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள் வருவது இதனால்தான்.

ஆகவே முலாம் போடுபவரிடம் “அங்கிள், நிக்கல் எத்தனை மைக்ரான்? ஒரு கையா, ரெண்டு கையா?” என்று கேளுங்கள். வெளியில் ஓடும் வண்டிக்கு 30 மைக்ரான் அளவாவது வேண்டும். அரை மினுக்கம், முழு மினுக்கம் என்று இரண்டு அடுக்கு நிக்கல் இருந்தால் அரிப்பு இரண்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் பரவும், அடிவரை இறங்க நாளாகும். அலங்கார முலாமுக்கான ஐஎஸ்ஓ 1456 தரநிலையைச் சொன்னதும் புரிந்து பேசுபவர் தொழில் தெரிந்தவர். ‘குரோம் கனமாகப் போடுகிறேன்’ என்று மட்டும் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். செம்பு போட்டுத் தேய்த்த நிலையில் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெளிவு மிச்சமிருந்தால் அந்தச் செப்பு நிறத்தில்தான் கண்ணுக்குத் தெரியும், குரோம் ஏறிய பிறகு திருத்த வழியில்லை. இந்த வேலை செய்யும் கடைகள் இங்கே அரிது. வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள்.

முலாம் போட்டு வந்த பம்பரின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். மின்னோட்டம் குழிவான பக்கத்துக்குச் சரியாக எட்டாது, அங்கே முலாம் பெயருக்குத்தான். பொருத்துவதற்கு முன்பே பின்பக்கம் முழுவதும் எப்பாக்ஸி பிரைமரும், காய்ந்ததும் உட்குழி மெழுகும் தெளித்துவிடுங்கள். இந்த அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் பெரும் பணம் கொடுத்த முலாமை மூன்றாம் ஆண்டிலேயே இழப்பது பரிதாபம்.

மலிவான குரோம் நகல்களில் இதே கதைதான் முதல் நாளிலிருந்து நடக்கிறது. செம்பு இல்லாமல் மெல்லிய நிக்கலும் குரோமும். படத்தில் மூன்றுமே ஒன்றுபோலத்தான் இருக்கும். வறண்ட நாட்டில் வெயில் நாளில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு அது ஓடலாம்.

ரப்பர் பம்பர்காரர்களுக்கு

1974 செப்டம்பருக்குப் பின் வந்த கறுப்பு பம்பர் வண்டிகளில், எஃகுச் சட்டத்தின் மேல் வார்த்த பாலியூரத்தேன். அமெரிக்காவின் மோதல் விதிகளுக்காகச் செய்தது அது. எவர்சில்வர் பம்பரை வாங்கி அதில் மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முன் சேசிஸ் தாங்கிகள், மட்கார்டின் கீழ்ப்பகுதி, முன் வேலன்ஸ் (பம்பருக்குக் கீழுள்ள தகடு), கிரில், சிக்னல் விளக்குகள் எல்லாம் மாற வேண்டும். வண்டியின் உயரத்தையும் அப்போது ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஏற்றிவிட்டார்கள், எனவே குரோம் மாட்டினாலும் தூக்கிக் கட்டியது போல நிற்கும். வெட்டி ஒட்டும் வேலை இது. நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சாம்பல் பூத்த ரப்பரை மட்டும் சரிசெய்ய வேண்டுமென்றால், மெழுகை முழுக்கத் துடைத்து, 400 எண் தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் ஒட்டுப் பிரைமரும், வளையும் தன்மைக்கான கலவை சேர்த்த கறுப்பு வண்ணமும் அடித்தால் நன்றாக நிற்கும்.

வாங்கும் கணக்கு

எம்ஜிபியின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். பம்பர் பெட்டி நீளமாகத்தான் வரும். விமானக் கூரியர்கள் உண்மை எடை, பெட்டியின் கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுகிறார்கள். 160 × 30 × 30 செ.மீ. பெட்டியை 5000-ஆல் வகுத்தால் 28.8 கிலோ என்று கட்டணம் போடுவார்கள், உள்ளே இருப்பது அதில் பாதிகூட இராது. ஆகவே முன், பின், ஓவர்ரைடர், போல்ட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கேளுங்கள். இன்னொரு எம்ஜிபிக்காரரோடு சேர்ந்து கடல்வழி வரவழைத்தால் இன்னும் நல்லது. வாகன உதிரிபாகங்களுக்கு இங்கே சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. எல்லாம் சேர்த்து 1,000 வெள்ளி என்றால் வரி 90 வெள்ளி.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: வண்டியின் ஆண்டு, முன்னா பின்னா, ஓவர்ரைடர் உண்டா, தரம் 304 தானா, தடிப்பு எவ்வளவு, பின்பக்கப் படம். எம்ஜிபியில் ஆண்டுக்கு ஆண்டு ஓவர்ரைடரும் பின் பம்பரும் மாறின. 1970 மாடலில் வட அமெரிக்காவுக்குப் போன வண்டிகளின் பின் பம்பர் இரண்டு துண்டாகக்கூட வந்தது. ‘எம்ஜிபி பம்பர்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் தவறானது வந்து சேர வாய்ப்புண்டு.

பொருத்திய பிறகு

35 வயது கடந்து ‘கிளாசிக்’ திட்டத்தில் பதிந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் சாலையில் ஓட்ட முடியாது. மிச்சமுள்ள 320 நாள் அது நின்றுகொண்டுதான் இருக்கும். இந்த ஊரில் பம்பரைக் கெடுப்பது அந்த நிற்கும் நாட்களே. துணி உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், குறிப்பாக மழையில் ஓட்டி வந்த அன்றே மூடினால். கழுவி, காற்றடித்து ஓவர்ரைடர் இடுக்குகளை உலர்த்திவிட்டு, காற்று புகும் உறை போடுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் நிறுத்துபவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசினால் எவர்சில்வரில் டீக் கறை போன்ற பழுப்பு படியாது. முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ரப்பர் தகடு அமுங்கி, இரண்டு நட்டாவது தளர்ந்திருக்கும்.